அன்று யார்டில் யாரும் இல்லை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
15-3-2605

கண்ணியத்துக்குரிய நானா ஜெய்னுதீன் அவர்களுக்குத் தங்கை ஜுபைதா சலாம் சொல்லி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். கிள்ளானில் நீங்களும் மதினி அமீனா பீவியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். மதினியின் முழங்கால் வீக்கம் வற்றியதா?

முந்தாநாள் ஒரு கடிதம் எழுதி, தேதியில் பழக்கதோஷத்தில் 1945 என்று போட்டுவிட்டேன். தபால் ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதில் ஜப்பான்காரர்கள் கணக்குப்படி 2605 என்றே போட்டிருக்கிறேன், அதனால் வந்து சேரும்.

சனிக்கிழமை காலை இங்கே விமானங்கள் வந்தன. அதைப் பற்றி நானாக எதுவும் எழுதவில்லை, பேப்பரில் வந்ததையே எழுதுகிறேன். எதிரி விமானங்கள் ரயில் யார்டைக் குறி வைத்தன, குண்டுகள் வெற்று நிலத்தில் விழுந்தன, அன்று யார்டில் யாரும் இல்லை, ஓர் உயிரும் போகவில்லை. இதுதான் பேப்பர்.

உங்கள் மச்சான் அன்று ஏழு மணிக்கு யார்டுக்குத்தான் போனார். சரக்கு வண்டிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கொட்டகையில் அவருக்கு வேலை என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு ஆறு நாள், வீடு திரும்பவில்லை. யாரும் இல்லாத யார்டில் இவர் எங்கே போனார்?

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். கணக்கு எழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் தலையைத் தூக்காமலேயே, "ஓடிட்டாரும்மா. பதினோரு பேரு ஓடிட்டாங்க. வெளியில பேர் ஒட்டியிருக்கு, பாருங்க" என்றார். பார்த்தேன். ஓடிப்போனவர்கள் என்று தலைப்பு. ஒன்பதாவது பெயர் இவருடையது, பாவா. மூன்றாவது, பக்கத்து வீட்டு நல்லம்மாளின் புருசன் வாசு. அவர் காலை விந்தி விந்தி நடப்பவர், ஓடினாராம்.

நானா, நீங்கள் ஒருமுறை வாருங்கள். ஆண்பிள்ளை வந்து கேட்டால் வேறு பதில் வரலாம். ஞாயிற்றுக்கிழமை கருவாடு ஏற்றும் கன்னையாவின் லோரியை யார்டுப் பக்கம் பார்த்ததாக நல்லம்மாள் சொல்கிறாள். நான் அவளைத் திட்டினேன். கன்னையா வந்திருந்தால் என் நானாவும் கருவாட்டு மூட்டையோடு கூட வந்திருப்பார், வந்தவர் என்னைப் பார்க்காமல் போவாரா என்று கேட்டேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
ஜுபைதா

கிள்ளான்
28-3-2605

அன்புத் தங்கை ஜுபைதாவுக்கு வ அலைக்கும் சலாம். நாங்கள் நலம். உன் மதினிக்கு முழங்கால் வீக்கம் அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் பூரண குணம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் யாராவது கடைக்கு வந்துவிடுகிறார்கள். கடை என்று பேர்தான். அரிசி கிடையாது. மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூ தூவித் தருகிறேன். காப்பி என்று எதையோ வறுத்துப் பொடித்துக் கொடுக்கிறேன், குடிக்கிறவன் அது என்ன என்று கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

இப்போது வர முடியாது. பாஸ் கேட்டால் எதற்கு என்று கேட்கிறார்கள். கன்னையா லோரி விஷயம் எழுதியிருந்தாய். இந்த ரோட்டில் மரக்கரி போட்டு ஓட்டுகிற லோரி எத்தனையோ இருக்கிறது, எல்லாம் ஒரே புகைதான். பாவா விஷயமாக, சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடித்துப் போகிறார்கள் என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். அப்படியும் இருக்கலாம். இருக்கிற இடத்தில் அல்லா அவனை நல்லபடி வைக்கட்டும்.

நான் சொல்கிறதைக் கொஞ்சம் கேள். இங்கே ஒரு பெண்ணுக்குக் குண்டு விழுந்த அதிர்ச்சியில் கண்ணாடி வளையல் நொறுங்கிக் கையெல்லாம் சில்லு ஏறிவிட்டது. நீ வளையலைக் கழற்றி வை. உங்கள் பக்கம் விஷக் காய்ச்சல் என்று கேள்வி, வெளியே நடமாடாதே. ரேஷனுக்கு நல்லம்மாளை அனுப்பு. கண்ணுக்குச் சுர்மா, அத்தர் எல்லாம் இந்தக் காலத்தில் வேண்டாம், ஊர்க் கண் பொல்லாதது. ஆபீஸுக்கும் போகாதே. போய்க் கேட்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

உன் நலத்தையே நினைத்திருக்கும் நானா,
ஜெய்னுதீன்

பிரிக்பீல்ட்ஸ்
16-4-2605

நானாவுக்கு ஜுபைதாவின் சலாம். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுகிறேனா என்று கேட்டிருந்தீர்கள். வேளை வருகிறது, சாப்பாடுதான் வருவதில்லை.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். புருசன் எங்கே என்று கேட்டால் வளையலைக் கழற்று என்று எழுதுகிற அண்ணன் உலகத்தில் நீங்கள் ஒருத்தர்தான். கழற்றிவிட்டேன். இருந்ததே நாலு. அத்தர் குப்பி காலியாகி ஒரு வருஷமாகிறது, அதனால் அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

ஓடிப்போனவன் வீட்டுக்கு ரேஷன் இல்லை என்று கார்டை வாங்கிக்கொண்டார்கள். வீட்டையும் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. யார்டில் வேலை செய்கிறவர்களுக்குத்தானாம் இந்த வீடு. தண்ணீர்க் குழாயில் நின்றால், "ஓடிப்போனவன் பொண்டாட்டி" என்று காதுபடப் பேசுகிறார்கள். மானமாக இருந்தோம் நானா. பதினாறு வருஷத்தில் ஒரு நாள் அந்த மனுசர் சொல்லாமல் எங்கும் போனதில்லை. கடைத்தெருவுக்குப் போனால்கூடச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

என்னைக் கிள்ளானுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். கடையில் கிழங்கு உரிக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன், மதினி முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன். இங்கே தனியாக என்னால் முடியவில்லை. பதில்கூட வேண்டாம், கன்னையாவை அனுப்புங்கள். ஒரு பெட்டிதான், மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

வழி பார்த்திருக்கும்,
ஜுபைதா

கிள்ளான்
24-4-2605

தங்கை ஜுபைதாவுக்கு சலாம். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் ஏதோ இருக்கிறோம்.

உன்னை இப்போது கூட்டிக்கொள்ள முடியாது. வீடு சின்னது. அதற்காக மட்டும் சொல்லவில்லை. என்ன வந்தாலும் பாவாவின் வீட்டிலேயே இரு. அங்கேயிருந்து ஒரு நாள்கூட வெளியே தங்காதே. காரணம் கேட்காதே, நானா சொல்கிறேன் என்று இரு. கிராணிக்கு ஒரு கூடை கருவாடு அனுப்பியிருக்கிறேன். வீட்டைக் காலி செய்யச் சொல்வதை ஆடி மாசம் வரை தள்ளிப்போடுவதாக ஒத்துக்கொண்டார்.

கன்னையாவிடம் இருபது கட்டி எடை மரவள்ளி மாவும் ஒரு துணியும் கொடுத்துவிட்டிருக்கிறேன். மாவுச் சாக்கை வெளுத்துத் தைத்த வெள்ளைத் துணி. கலர்த் துணி எங்கும் கிடைக்கவில்லை. இதையே கட்டிக்கொள், உள்ள கலர்ப் புடவைகளை மடித்து வை, கிழிந்துபோனால் இனி வாங்க முடியாது.

போன புதன்கிழமை கடையில் ஏழெட்டுப் பேருக்குச் சோறு ஆக்கிப் போட்டேன். கைவசம் ஒளித்து வைத்திருந்த அரிசி. பழைய நேர்ச்சை ஒன்று பாக்கி இருந்தது.

என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும்.

நானா

பிரிக்பீல்ட்ஸ்
2-6-2605

நானாவுக்கு சலாம். மாவு கிடைத்தது. துணி கிடைத்தது, கட்டியிருக்கிறேன். வீட்டிலேயே இருக்கிறேன். சுகம்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஜுபைதா

கிள்ளான்
17-7-2605

அன்புத் தங்கை ஜுபைதாவுக்கு மிகுந்த பிரியத்துடன் சலாம். நாங்கள் நலம். மதினி இப்போது தடியில்லாமல் நடக்கிறாள்.

உன் கடிதத்தில் மூன்று வரிதான் இருந்தது. உன் மதினி வந்து, "அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்களேன், என்ன மனுசன் நீங்க" என்று சத்தம் போட்டாள். வரச் சொல்லத்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கன்னையா லோரி வரும். இனி நீ தாராளமாக வெளியே வரலாம். அந்த வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று உடுத்திக்கொண்டு வா. உனக்காகப் பாசாரில் ஒரு ஜோடி வளையல்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன். முன்பக்க அறையைப் பெருக்கித் தள்ளியாகிவிட்டது. இங்கே வந்தபின் எல்லாம் பேசிக்கொள்ளலாம்.

உன் வரவை எதிர்பார்க்கும் நானா,
ஜெய்னுதீன்

பிரிக்பீல்ட்ஸ்
20-7-2605

நானாவுக்கு சலாம். இதைக் கன்னையா கையில் கொடுத்துவிடுகிறேன், தபாலில் அனுப்பவில்லை. நான் லோரியில் ஏறவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் சந்தோஷப்பட்டேன். புடவைப் பெட்டியைத் திறந்தேன். திறந்த கையோடு யோசனை வந்தது. மார்ச்சில் வளையலைக் கழற்று என்றார், வெளியே போகாதே என்றார், அத்தர் கூடாது சுர்மா கூடாது என்றார். ஏப்ரலில் வெள்ளை கட்டு என்றார், புருசன் வீட்டை விட்டு ஒரு நாளும் நகராதே என்றார். இப்போது ஜூலையில் எல்லாம் சரி என்கிறார். விரல் விட்டு எண்ணினேன். அந்தச் சனிக்கிழமையிலிருந்து பிறைக் கணக்கில் நாலு மாதம் பத்து நாள். உங்கள் கடிதத்துக்கு முந்தின நாளில் வந்து நின்றது.

புருசன் மவுத்தானால் பொண்டாட்டி இருக்கவேண்டிய இத்தாவை எனக்குத் தெரியாமலே என்னை இருக்க வைத்து, முடித்தும் வைத்துவிட்டீர்கள். அந்தப் புதன்கிழமைச் சோறு நாற்பதாம் நாள் பாத்திஹா. எண்ணிவிட்டேன், அதுவும் சரியாக வருகிறது.

இந்த நாலு மாதமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் பங்குக் கஞ்சியைத் தினமும் மூடி வைத்தேன். சயாமில் குளிருமோ என்று அவருடைய பழைய சட்டைக்கு உள்துணி கொடுத்துத் தைத்தேன். நீங்கள் கிள்ளானில் பாத்திஹா ஓதிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அழ வேண்டிய நாலு மாதத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இனி அழுதால் அது கணக்கில் சேருமா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் மவுத்து உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? யார் பார்த்தது? இதற்குப் பதில் வராமல் உங்கள் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்.

ஜுபைதா

பிரிக்பீல்ட்ஸ்
24-9-1945

நானாவுக்கு ஜுபைதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மதினி நலமா?

தேதியை இனி இப்படியே போடலாம். அவர்கள் போய்விட்டார்கள், இவர்கள் வந்துவிட்டார்கள். நான் கேட்ட கேள்விக்கு இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நடுவில் ஒரு ராஜாங்கமே மாறிவிட்டது, நீங்கள் மாறவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் வந்ததும் நல்லம்மாளும் நானும் மற்ற ஒன்பது பெண்களும் சேர்ந்து யார்டு ஆபீஸுக்குப் போனோம். எங்கள் ஆட்கள் ஓடவில்லை, குண்டில் போனார்கள், அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டோம். புதிதாக ஒரு துரை. பக்கத்தில் அதே மேசை, அதே கிராணி ராதாகிருஷ்ணன், சட்டைதான் புதுசு. துரை எதையோ படித்துப் பார்த்தார். கிராணி தமிழில் சொன்னார்: "நம்ம விமானம் தண்டவாளத்தையும் இஞ்சினையும்தான் அடிச்சுச்சாம். ஜப்பான்காரன் ஆளுங்கள முன்னாடியே வெளியேத்திட்டானாம். அன்னிக்கு யார்டுல யாரும் இல்லன்னுதான் ரிப்போர்ட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது நானா. ஒருத்தரை ஒருத்தர் கொன்று தீர்த்தவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்விட்டார்கள்.

வெளியே வந்ததும் கிராணி பின்னாலேயே வந்தார். ஏதோ பச்சாத்தாபம் போல. "அக்கா, சயாம்ல செத்தார்னு சொல்லுங்க, உடனே எழுதிக்குவாங்க. அதுக்குத் தனியா அச்சடிச்ச பாரமே இருக்கு. குண்டுல செத்ததுக்குப் பாரம் இல்ல" என்றார். ஓடிப்போனவர் என்பதைவிட அது மரியாதைதான். ஆனால் அவர் சயாமில் சாகவில்லையே. இந்த வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் செத்தார். அதை மாற்றிச் சொல்ல நான் யார்?

கடைசியில் துரை ஒரு வழி சொன்னார். அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை விசாரணை வைப்பாராம். கண்ணால் பார்த்தவர் ஒருத்தர் வந்து, குர்ஆனோ கீதையோ தொட்டுச் சத்தியம் செய்து சொன்னால் பதிவதைப் பற்றி யோசிப்பாராம்.

அதனால் போன வாரம் கன்னையா கருவாடு இறக்க வந்தபோது லோரி முன்னால் போய் நின்றுகொண்டேன். மார்ச் பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வந்தாயா இல்லையா, சொன்னால்தான் வழி விடுவேன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். "வந்தோம்க்கா. மத்தத நானாகிட்டக் கேளுங்க. நான் சொல்லக்கூடாது" என்றான். வந்தோம் என்றான், வந்தேன் என்று சொல்லவில்லை.

கேட்கிறேன், சொல்லுங்கள்.

ஜுபைதா

கிள்ளான்
10-10-1945

என் தங்கை ஜுபைதாவுக்கு, அல்லா உனக்குப் பொறுமையைத் தரட்டும். எங்கள் நலத்தில் குறைவில்லை. உன் நலத்தைக் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை எத்தனை முறை எழுதிக் கிழித்தேன் என்று உன் மதினியைக் கேள். அவளுக்கும் நான் நேற்றுத்தான் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கன்னையாவும் நானும் கருவாடு ஏற்றிக்கொண்டு வந்தோம். சனிக்கிழமை விமானம் போனதைக் கிள்ளானிலிருந்தே பார்த்தோம். உங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் புறப்பட்டேன். வழியில் சுங்கை வே என்ற இடத்தில் ஒரு தடவை லோரி நின்றுபோய், இறங்கித் தள்ளினோம். பிரிக்பீல்ட்ஸ் முனையில் சோல்ஜர்கள் மறித்தார்கள். கருவாட்டை இறக்கிப் போட்டுவிட்டு எங்களை லோரியோடு யார்டுக்குள் கொண்டுபோனார்கள்.

தார்ப்பாய்க் கொட்டகை இருந்த இடத்தில் கொட்டகை இல்லை. தார்ப்பாயில் பூசுகிற தாரும் மெழுகும் எரிந்து ஆள்கள் மேல் ஊற்றியிருந்தது. சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முகம் பார்த்து இன்னார் என்று சொல்லும் நிலையில் அங்கே ஒருத்தர்கூட இல்லை. தையல்காரன் விரல் எனக்கு அடையாளம் தெரியும், அதைத் தேடினேன். விரலும் பார்க்கும்படி இல்லை. தண்டவாள ஓரமாகக் குழி வெட்டியிருந்தார்கள். எங்களை ஏற்றி இறக்கச் சொன்னார்கள்.

பாவா அங்கேதான் வேலை செய்தான் என்பது எனக்குத் தெரியும். அதில் ஒருவன் பாவா. எவன் என்று தெரியவில்லை. அப்படியே போட்டு மூடிவிடுவார்கள், ஒரு தொழுகை கிடையாது, ஒரு தக்பீர் கிடையாது. காவலுக்கு நின்றவன் சிகரெட் பற்றவைக்கத் திரும்பினான். சரிசெய்கிற மாதிரி நான் குழிக்குள் இறங்கினேன். முதல் ஆளை வலப்பக்கமாக ஒருக்களித்து, முகத்தை நாம் தொழும் கிப்லா பக்கம் திருப்பினேன். அடுத்த ஆளையும் திருப்பினேன். கன்னையா மேலே நின்று, "எல்லாரையும் எதுக்கு பாய்? எங்காளுங்களும் இருக்காங்களே" என்று மெதுவாகக் கேட்டான். "யாருன்னு தெரியலப்பா, எறங்கி ஒரு கை புடி" என்றேன். அவனும் இறங்கிக் கை கொடுத்தான். எல்லோரையும் திருப்பி வைத்தோம். நல்லம்மாளிடம் என் சார்பில் நீ மன்னிப்புக் கேட்கவேண்டும். வாசுவும் அப்படித்தான் கிடக்கிறார். அவர்கள் முறை எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் அதற்கு நெருப்பு வேண்டும், அன்று நெருப்பைப் பார்க்க என்னால் முடிந்திருக்காது.

வேலை முடிந்ததும் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். யார்டில் யாரையும் பார்க்கவில்லை என்று அதில் எழுதியிருந்ததாம். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், ஆனால் பெருவிரலை வைத்தேன். உன் வீட்டு வாசல் வழியாகத்தான் லோரி திரும்பியது. என் சட்டையை நீ பார்த்திருந்தால் கேட்டிருப்பாய். கன்னையா நிறுத்தட்டுமா என்று கேட்டான், போ என்றேன்.

தபாலில் எழுதினால் இருவர் தலையும் போகும் என்பது உண்மை. ஆனால் நான் சொல்லாததற்கு அது முழுக் காரணம் இல்லை. ஜூலையில் உன் கடிதம் கையில் வந்தது, தபாலில் வரவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. காரணத்தை இப்போது எழுதுகிறேன். இதை உன் மதினியிடமும் சொல்லவில்லை, கன்னையாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

பதினோரு பேர் ஓடிப்போனதாக எழுதி ஒட்டினார்கள் என்று உன் முதல் கடிதத்தில் இருந்தது. அதைப் படித்ததும் இன்னொரு தடவை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். குழியில் பத்துப் பேர்தான் ஜுபைதா. நான் ஒவ்வொருத்தராகத் தொட்டுத் திருப்பியவன், எண்ணிக்கை தவறாது. கன்னையாவையும் தனியாகக் கேட்டேன், பத்து என்றான்.

பதினொன்றாவது ஆள் துண்டு துண்டாகப் போயிருக்கலாம். நிஜமாகவே ஓடியிருக்கலாம். அது யார் என்று எனக்குத் தெரியாது. பாவா இல்லை என்றும் சொல்ல முடியாது, பாவாதான் என்றும் சொல்ல முடியாது. மவுத்து என்று உன்னிடம் சொல்லி, அவன் ஒரு நாள் வாசலில் வந்து நின்றால்? உயிரோடிருக்கிறான் என்று சொல்லி, நீ இத்தா இல்லாமல் இருந்துவிட்டால்? இரண்டுக்கும் பயந்துதான் அந்தக் கோணல் வேலையைச் செய்தேன். உன்னை விதவையாக வைத்தேன், விதவை என்று சொல்லாமல் வைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

இப்போது இருபத்திரண்டாம் தேதி விசாரணை விஷயம். குழி மேல் கல் கொட்டித் தண்டவாளம் போட்டுவிட்டார்கள், இனி தோண்டமாட்டார்கள். நான் சொல்வதுதான் சாட்சி. பதினோரு பெயர், பதினோரு ஆள் என்று சொன்னால் எண்ணிக்கை பொருந்துகிறது, முகம் தெரிய வேண்டியதில்லை, பதினோரு பேரையும் பதிந்துவிடுவார்கள் என்று கிராணியே சொன்னதாகக் கன்னையா சொல்கிறான். பத்து என்று சொன்னால் எந்தப் பத்து என்று துரை கேட்பார். ஒரு பெயரையும் பதியாமல் விட்டாலும் விடலாம்.

குர்ஆன் மேல் கை வைத்து நான் பொய் சொன்னதில்லை. ஆனால் உனக்குச் செய்த குற்றத்துக்கு அதையும் செய்கிறேன். பதினொன்று என்று சொல்லிவிடட்டுமா? நீ சொல்வதைச் சொல்கிறேன்.

உன் குற்றவாளி நானா,
ஜெய்னுதீன்

பிரிக்பீல்ட்ஸ்
19-10-1945

என் நானாவுக்கு உங்கள் தங்கை ஜுபைதா, வ அலைக்கும் சலாம். இந்தத் தடவை உங்கள் உடம்பையே கேட்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு சரியாகச் சாப்பிடுகிறீர்களா? மதினி எழுதியிருந்தாள், இறைச்சி வாசனை வந்தால் கடையை விட்டு எழுந்து போய்விடுகிறீர்களாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் பதினொன்று என்று சொல்லுங்கள் என்றுதான் எழுதினேன். அந்தக் காகிதம் இப்போதும் என் கையில் இருக்கிறது. அலுத்துப்போய்விட்டது நானா. ஓடிப்போனவன் பொண்டாட்டி என்ற பேர் போனால் போதும், யாராவது எதையாவது எழுதி முடித்தால் போதும் என்றிருந்தது. கன்னையாவிடம் கொடுக்கும் முன் நல்லம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் கடிதத்தையும் படித்தேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை. அவளும் அதில் பாதி.

வாசுவைத் திருப்பி வைத்த இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தி, நானா மன்னிக்கச் சொல்கிறார் என்றேன். அவள் அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம், "எந்தப் பக்கம் பாத்தா என்ன. ஒரு மனுசன் கை பட்டுச்சே" என்றாள்.

பத்து என்ற இடம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து, "பத்துன்னா பத்துன்னே சொல்லச் சொல்லு. இருந்தவங்கள ரெண்டு ராஜாங்கமும் இல்லன்னுச்சு. இல்லாத ஒருத்தர நாம இருந்தார்னு சொன்னா நமக்கும் அவனுங்களுக்கும் என்ன வித்தியாசம்" என்றாள். நான் எழுதிய காகிதத்தைப் பார்த்து, "இத வச்சு அடுப்பு பத்த வைக்கவா" என்று கேட்டாள். வேண்டாம், கிடக்கட்டும் என்றேன்.

மற்ற ஒன்பது பேரிடமும் இரண்டு நாளாகப் போய்ச் சொன்னோம். ஒருத்தி எங்களைத் திட்டினாள், வந்து ஏன் சொன்னீர்கள் என்று அழுதாள். ஆனால் ஒவ்வொருத்தி முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். உங்கள் பயம் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் திங்கட்கிழமை வாருங்கள். கன்னையாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பத்து என்று சொல்லுங்கள். பெருவிரல் வைக்காதீர்கள், கையெழுத்துப் போடுங்கள். எழுதினால் எழுதட்டும், எழுதாவிட்டால் போகட்டும். வந்ததும் நேரே வீட்டுக்கு வாருங்கள், இனி வாசலைத் தாண்டிப் போகக்கூடாது.

இன்னும் ஒன்று, உங்களிடம்தான் சொல்ல முடியும். அந்த ஒரு ஆள் பாவாவாக இருக்கட்டும் என்று நான் துஆ கேட்டால், மற்றப் பத்துப் பேரும் குழியில் இருக்கட்டும் என்று கேட்டதாகத்தானே ஆகும். வாசுவும் அந்தப் பத்தில்தான் இருக்க வேண்டும். நல்லம்மாளோடு ஒரே சட்டியில் கஞ்சி குடித்துக்கொண்டு அதைக் கேட்கலாமா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் கேட்கிறேன் நானா. ஐந்து வேளையும் கேட்கிறேன்.

அவளும் தன் சாமியிடம் அதையேதான் கேட்கிறாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

மதினிக்கு என் சலாம். மற்றவை நேரில்.

ஜுபைதா